நம் அடுப்படியில் அடித்த நகராட்சி போன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நம் கழிவுநீர் லாரியும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நகராட்சியும் சொந்தமாகக் கழிவுநீர் லாரி வாங்கிவிட்டது என்று போன முறை நான் புலம்பியதற்கு, "போட்டி வந்தா ஜனங்களுக்கு நல்லதுதாம்மா" என்றாய். நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் கூட ஓடுகிறவனே விசிலும் ஊதினால் அதற்குப் பெயர் போட்டியா என்று உன் படிப்பில் பார்த்துச் சொல்.

அந்த லாரியின் கதையை உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், கொண்டுபோய் அலுவலகத்துக்குப் பின்னால் நிறுத்தினார்கள், அவ்வளவுதான். ஓட்டுநரை நியமிக்கிற கோப்பு இன்னும் மாடிப்படி ஏறவில்லை, அதற்குள் சீட்டில் ஒரு பூனை குட்டி போட்டுவிட்டது. ஆனால் 'ஒரே அழைப்பில் வருவோம்' என்று ஊர் முழுக்கப் பலகை வைத்துவிட்டார்களே, போன் அடிக்காமல் இருக்குமா? அங்கே வேலை பார்க்கிற குமாஸ்தா, நம் தெருமுனைக்காரர்தான், ஒருநாள் வந்து, "அக்கா, அந்த நம்பருக்கு வர்ற அழைப்பை உங்க போனுக்குத் திருப்பி விட்டுடுறேன், எப்படியும் நீங்கதானே போகணும், எடுத்ததும் நகராட்சின்னு மட்டும் சொல்லிடுங்க, இல்லேன்னா ஜனங்க குழம்பிடுவாங்க" என்றார். எனக்கும் ஆசை, வலிய வருகிற வேலையை வேண்டாம் என்பேனா? அடுப்பில் இருப்பதைக் கிண்டிக்கொண்டே "நகராட்சி, சொல்லுங்க" என்பேன், அப்பா லாரியை எடுப்பார். நகராட்சி இவ்வளவு மரியாதையாகப் பேசுமா என்று ஒரு பெரியவர் போனிலேயே அழுதுவிட்டார்.

அப்படியாக நானே சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். உரிமம் புதுப்பிக்கப் போனால் சுகாதார அதிகாரி, "எங்க சேவையில ஜனங்களுக்கு முழுத் திருப்தி, ஒரு புகார்கூட இல்ல, இனி தனியார் லாரியே தேவையில்லம்மா" என்று எங்கள் மனுவைத் தள்ளிவிட்டார். யார் செய்த சேவை என்று நான் வாய் திறப்பதற்குள் குமாஸ்தா கண்ணாலேயே கெஞ்சினார். பிள்ளைகுட்டிக்காரர், விட்டுவிட்டேன். அதன்பிறகு உன் அப்பாவைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஓடாத லாரியைத் துடைத்துக்கொண்டே இருப்பார், சாப்பிடக் கூப்பிட்டால் பசி இல்லை என்பார். வேலை போனால் மனிதரும் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது, உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

திருப்பி விட்ட போனை மட்டும் யாரும் மாற்றவில்லை. வியாழக்கிழமை ஒரு குரல், "சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருக்காங்க, தொட்டி வழிஞ்சு வாசல் வரைக்கும் வருது, உடனே லாரி அனுப்புங்க, நான் யாரு தெரியுமா?" என்றது. தெரியாமலா! அதே அதிகாரி, தன் அலுவலகத்துக்குப் போன் போட்டு என் அடுப்படியில் வந்து விழுந்திருக்கிறார். "நகராட்சிதான் பேசுறோம் சார், லாரி இருக்கு, ஓட்டுநர் இல்ல, பூனை இருக்கு, அனுப்பவா?" என்றேன். குரலை வைத்தே நான்தான் என்று பிடித்துவிட்டார், கொஞ்ச நேரத்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நம் வாசலில் நிற்கிறார். அப்பா இரக்கப்பட்டுச் சாவியை எடுத்தார், நான் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். "உரிமம் இல்லாத லாரி தெருவுல இறங்கினா பறிமுதல்னு உங்க சட்டம்தானே சார்?" என்றேன். ஓடினார். மாடிப்படி ஏறவே ஏறாத கோப்பெல்லாம் அன்றைக்குப் பறந்தது. உரிமத்தை என் கையில் கொடுத்து, போனைத் திருப்பி விட்ட குமாஸ்தாவை ஒன்றும் செய்வதில்லை என்றும் சொன்ன பிறகுதான் சாவி இடுப்பைவிட்டு வந்தது. கிளம்பும்போது, "அந்த போனை மட்டும் நீங்களே எடுத்துக்கோங்கம்மா" என்கிறார். "போட்டின்னா போட்டி சார், உங்க போனை நீங்க எடுங்க" என்று சொல்லிவிட்டேன். இப்போது அது அங்கேயே அடித்து அடித்து ஓய்கிறது, ஜனங்கள் நேரே நம் வாசலுக்கு வருகிறார்கள்.

இன்னொன்று. சிறந்த கழிவுநீர் சேவை என்று நகராட்சிக்கு விருதாம், அடுத்த வாரம் விழா. எனக்கு வயிறு எரிகிறது. அப்பாவோ சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறார், தான் செய்த வேலைக்குத் தானே கைதட்டாமல் வேறு யார் தட்டுவார்கள் என்கிறார். கேட்டதும் சிரித்தேன், அப்புறம் உள்ளே போய் அழுதேன்.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நூறு வருடம் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் பேசு, எடுத்ததும் 'நகராட்சி' என்று கேட்டால் வைத்துவிடாதே, நாக்கு இன்னும் பழக்கத்தை விடவில்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா