உன் பங்கையும் சேர்த்து

அன்பு மகளே,

அயோவாவில் இந்த ஆண்டு பனி சீக்கிரமே கொட்டத் தொடங்கிவிட்டது. அந்தப் பனியிலும் அப்பாவின் கல்லூரி அறைத்தோழர்கள் வெர்லினும் மார்வும் மிச்சிகனிலிருந்து வண்டி ஓட்டி வந்துவிட்டார்கள். அப்பா சபையில் பிரசங்கம் செய்வதை நிறுத்திவிட்டாரென்று அவர்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

உன் தம்பியை அடக்கம் செய்த நாளிலிருந்து அவர் சாப்பாட்டு மேசையில்கூட ஜெபிப்பதில்லை. நேற்று நான் சூப்பை வைத்ததும் அவரே சொல்லிவிட்டார்.

"என்னால ஜெபிக்க முடியலடா. பொய்யா வாயசைக்கவும் மாட்டேன்."

"உன்னை யாருடா கேட்டா?" என்றார் மார்வ். "காலேஜ்ல காலை ஜெபத்துக்கு எழுந்திருக்காம நீ தூங்குவியே, அப்ப உன் பங்கையும் சேர்த்து நாங்கதானே ஜெபிச்சோம்? இப்பவும் பண்றோம்."

அப்பா சிரித்துவிட்டார்! எனக்குத்தான் அழுகை வந்தது.

எல்லோரும் கைகோத்தோம். எங்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஜெபித்த வெர்லின், தம்பியின் பெயருக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"டோபி," என்று எடுத்துக்கொடுத்தார் அப்பா. "அவன் பேரு டோபி."

மகளே, ஜெபத்தில்கூடப் பொய் சொல்லாத அந்த மனிதரையும், அவரை விட்டுக்கொடுக்காத இந்த நண்பர்களையும் நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை.

இன்று காலை மூவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். அடக்கத்துக்குப் பிறகு அப்பா அங்கே போவது இதுதான் முதல் தடவை. அவரேதான் வண்டியை எடுத்தார்.

உன் அம்மா