ஆயுத பூஜையன்று நின்ற மோட்டார்

அவனியாபுரம், மதுரை-12
9.11.2008

அன்பு மகள் முனீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி அசோக்குமாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த நார்வே குளிரில் நீயும் அப்படியே இருக்க நம் கருப்பசாமி துணை நிற்கட்டும். முறைக்கு இப்படி எழுதிவிட்டேனே தவிர மனசு ஒரு நிலையில் இல்லை அம்மாடி. இதை அசோக்கிடம் சொல்லி மெயிலில் அடிக்கச் சொல்லியிருக்கலாம், அவனுக்கு எதிரே உட்கார்ந்து சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதனால்தான் பட்டறையைப் பூட்டிய ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து பேனாவை எடுத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

விஷயம் உன் கடல் மீன் தொட்டியைப் பற்றியது. நீ போய் இரண்டு வருஷத்தில் தம்பிக்கு மாசம் ஒரு மெயில் தவறாமல் போட்டாய். உப்பு எவ்வளவு காட்டுகிறது, சூடு எவ்வளவு, கல்லில் பூ மாதிரி வளர்கிற பவளம் விரிகிறதா, இரண்டு மீனும் சாப்பிடுகிறதா, இவ்வளவுதான் இருக்கும். அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இருக்காது, என்னைப் பற்றிக் கேட்க மாட்டாய் என்பது தெரிந்ததுதான். உன் அம்மா ஒச்சாயி அதற்கும் அசோக் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன கேட்டிருக்கா, இன்னொருக்கா வாசிடா என்பாள். மீனைக் கேட்டதையே தன்னைக் கேட்டதாக வைத்துக்கொள்வாள். நான் பேப்பர் படிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டு கேட்பேன், ரோஷம் எங்கே போகும்.

செப்டம்பரில் நீ போட்ட மெயிலில் படம் வரைந்து அனுப்பியிருந்தாயே. மோட்டாரும் அழுக்கை வடிகட்டுகிற பஞ்சும் முதுகிலேயே அடங்கிய தொட்டி அது, அந்த இடம் இனிப் போதாது, கீழே சம்ப் என்று இன்னொரு தொட்டி வைத்து, அதில் ஓர் அறையில் விளக்குப் போட்டுக் கடல்பாசி வளர்த்தால் பாசி அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்று எழுதியிருந்தாய். சம்ப் என்றதும் உன் அம்மா, ஹால்ல தரையத் தோண்டவா சொல்றா என்று பயந்துவிட்டாள். கடைசியில் ஒரு வரி இருந்தது, ஸ்டாண்டும் பைப்பும் அப்பா பட்டறையில் செய்யலாம் என்று. அசோக் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். இரண்டு வருஷத்தில் நீ அப்பா என்று எழுதியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. டிராக்டர் கம்பெனி ஆர்டரைக்கூட ஒதுக்கிவிட்டு நானும் நம் ஃபிட்டர் வீரணனும் ஸ்டாண்டை வெல்டு வைத்து மூன்று கோட்டு பெயிண்ட் அடித்தோம், கண்ணாடிக் கடைக்காரர் மூன்று அறை வைத்துக் கீழ்த்தொட்டி ஒட்டித் தந்தார். வீரணன் கடற்கரையில் இருக்கிற மண்டபம் ஊருக்கு பஸ் ஏறிப்போய் கேன் நிறையக் கடல்தண்ணீரும் கஞ்சிப்பாசியும் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் ஆயுத பூஜை வந்தது.

பட்டறையில் பூஜை எப்படி நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேத்திலிருந்து சின்ன ஸ்பேனர்வரை கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தால் மறுநாள் காலைவரை எதையும் தொடக்கூடாது. முப்பது வருஷத்தில் அன்றைக்கு ஒரு நட்டைக்கூட நான் திருகியதில்லை. வீட்டுக்கு வந்து கிரைண்டருக்கும் வண்டிக்கும் பொட்டு வைத்துவிட்டுத் திரும்பினால் உன் தொட்டி மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு வருஷமாக இரவும் பகலும் ஓடுகிற மோட்டார், அதற்கும் ஒருநாள் ஓய்வு வேண்டாமா என்று தோன்றியது. நிறுத்திக் கழற்றினேன். பின்னால் இருந்த பஞ்சையும் கல் வளையங்களையும் எடுத்தேன், அத்தனையும் கரேலென்று அழுக்கு. மகள் பொருள், பூஜையன்று இப்படியா இருப்பது என்று போர்த்தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு மூன்று தண்ணீர் அலசி மொட்டைமாடியில் காயப்போட்டேன். அது அந்தப் புள்ள சொன்னதுல இல்லையே, எதுக்கு நோண்டுறீக என்று உன் அம்மா கேட்டாள். பூசை அன்னைக்கு வாய வைக்காத என்று அதட்டினேன். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து சாமி முன்னால் அடுக்கிப் பொரிகடலை படைத்துக் கும்பிட்டேன், உன் பெயரைச் சொல்லித்தான் கும்பிட்டேன். மறுநாள் காலையில் நல்ல நேரம் பார்த்து மாட்டினேன்.

மூன்றாம் நாள் பவளம் விரியவில்லை. ஐந்தாம் நாள் அது கூழாகி நாற ஆரம்பித்தது. மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அசோக் டவுனில் வளர்ப்பு மீன் விற்கிற ஒரு கடைக்காரரைக் கூட்டிவந்தான். அவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். அண்ணே, நீங்க கழுவுனது அழுக்கு இல்லண்ணே, அதுல இருந்த கிருமிதான் மீனோட கழிவ விஷமாகாமக் காத்துச்சு, அம்புட்டையும் கொன்னுட்டீகளே என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஒரு லேத்து மோட்டார் போனால் கம்பிக் காயில் சுற்றி ஓடவிடுவேன். இது உயிர், இதற்கு என் கையில் என்ன இருக்கிறது.

மறுநாளே வீரணன் மண்டபத்துக்கு ஓடினான். பாசி வந்ததும் கீழ்த்தொட்டியை இணைத்து, மேலே இருந்து தண்ணீர் இறங்கிப் பாசிக்குள் புகுந்து மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறுகிற மாதிரி செய்தேன். கீழ்த்தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள் என்று நீ எழுதியிருந்தாய். பாதித் தொட்டி பார்க்க மூளியாக இருக்கிறதே என்று கழுத்துவரை நிரப்பினேன், அதிகப்பிரசங்கித்தனம். இங்கே இப்போது ஒருநாளைக்கு ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை. மத்தியானம் நான் பட்டறையில் இருந்தபோது கரண்ட் போக, மோட்டார் நின்று, மேல்தொட்டித் தண்ணீர் ஏறிய பைப்பிலேயே திரும்பி இறங்கிக் கீழ்த்தொட்டி பொங்கி ஹால் முழுக்க வெள்ளம். நான் வந்து பார்க்கும்போது உன் அம்மா முட்டி போட்டுப் பழைய சேலையில் ஒற்றி ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தாள். தரை கெடக்கட்டுங்க, மேல மீனுக்குத் தண்ணி கெடக்கா பாருங்க என்று அழுதாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன், நீ போன அன்றைக்குக்கூட அவள் என் எதிரில் அழவில்லை.

பிறகு யோசித்து அந்தப் பைப்பில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே சின்னதாக ஒரு ஓட்டை போட்டேன். மட்டம் இறங்கியதும் காற்றை இழுத்துத் தண்ணீர் நின்றுவிடுகிறது. கரண்ட் இல்லாத நேரத்துக்கு லாரி பேட்டரியில் குமிழி விடுகிற மோட்டார் வைத்திருக்கிறேன். கீழ்த்தொட்டி இப்போது பிசகில்லாமல் ஓடுகிறது, பாசி நன்றாகவே பிடித்திருக்கிறது. ஆனால் பெரிய மீன் தீபாவளிக்கு மறுநாள் செத்துவிட்டது. சின்னது நாலு நாளாக எதையும் தொடவில்லை, மூலையில் படுத்து வேகவேகமாக மூச்சு விடுகிறது. தண்ணீர் மாற்றுகிறேன், கும்பிடுகிறேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை தாயி.

ஒரு மாசமாக எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அசோக்கை எழுத வைத்தது நான். பழைய போட்டோவை அனுப்பச் சொன்னதும் நான். அவன் மேல் கோபப்படாதே, அக்காகிட்ட பொய் சொல்ல மாட்டேன்ப்பா என்று சண்டை போட்டான், நான்தான் மிரட்டினேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்தத் தொட்டி போனால் நீ எங்களுக்கு எழுத வேறு காரணம் ஏது? அந்த மாசம் ஒரு மெயிலும் நின்றுபோனால் உன் அம்மாவை நான் எப்படிப் பார்ப்பேன்? அவளைச் சொல்கிறேனே, என் கதியும் அதுதான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. என் அக்கா மகன், முறைமாப்பிள்ளை, இதில் பெண்ணைக் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் பால்பாண்டிக்கு உன்னைத் தருவதாக வாக்குக் கொடுத்தேன். நீ முடியாது என்றதும் சொந்தபந்தத்துக்கு முன்னால் எனக்கு மகளே இல்லை என்றேன். எனக்கு நல்லது என்று பட்டால் யாரையும் கேட்காமல் கை வைத்துவிடுகிற புத்தி, தொட்டியில் வைத்தேன், அதற்கு முன்னால் உன் வாழ்க்கையில் வைத்தேன். தப்புதான். பால்பாண்டிக்கும் போன தையில் கல்யாணம் ஆகிவிட்டது, அவன் யாரையும் குறை சொல்லவில்லை. நான் ஒருத்தன்தான் வீம்பு பிடித்துக்கொண்டு இருந்தேன்.

நாளைக் காலையில் அசோக் நடந்ததை மெயிலில் எழுதுவான், மீனுக்கு ஏதாவது வழி இருந்தால் உடனே சொல். அது பிழைக்காமலும் போகலாம். பவளம் விரிகிறதா என்று கேட்க இனிப் பவளம் இல்லை. இந்த வீட்டைப் பற்றிக் கேட்க உனக்கு ஒன்றுமே மிச்சமில்லாமல் போனாலும் நீ எழுது அம்மாடி. அப்பாவைத் திட்டியாவது எழுது.

இத்துடன் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன், நேற்று எடுத்தது. வழக்கமாக எங்கள் நிழல் கண்ணாடியில் விழக்கூடாது என்று அசோக் எங்களை அடுப்படிக்கு விரட்டிவிட்டுத்தான் எடுப்பான். இந்தத் தடவை உன் அம்மாவைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னேன். என்னயப் போயி அவ எதுக்குப் பாக்கப் போறா என்று தலையை வாரிக்கொண்டு வந்து நின்றாள். மீன் சரியாக விழவில்லை. அவள் விழுந்திருக்கிறாள், பார்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. எங்கே இருந்தாலும் குறையில்லாமல் நூறு வருஷம் நீ வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
பே. காசிமாயன்