மணி அடிக்காத வீடு

1996, நவம்பர் 1, வெள்ளி

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். மாடியில் வெளிச்சம் தெரியக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். போன வாரம் வெளிச்சம் தெரிந்த ஜன்னலுக்குத்தான் கல் வந்தது.

இன்று சகல புனிதர் திருநாள். கல்லறைத் தோட்டத்தில் ஊர்க்காரர்கள் எங்களுக்குப் பக்கத்தில் மட்டும் இடம் விட்டு நின்றார்கள். ஞானப்பா கோர்பினியன் என்னைப் பார்த்தார். உடனே தொப்பியைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டார். இந்த நாளில் எனக்குப் பின்னல் ரொட்டி கொண்டுவருவது அவர்தான். ஞானப்பிள்ளைக்கு ரொட்டி தராத ஞானத்தந்தை இந்த ஊரில் கிடையாது.

இருட்டும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மேசையில் எடுத்து வைத்த வெண்ணெயைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

நவம்பர் 4

பென்சில் டப்பா முழுக்க, மரப்பட்டையைத் துளைத்துத் தின்னும் பட்டை வண்டு. செத்தவை. வைத்தது குவிரின், ஞானப்பாவின் மகன்.

"உங்கப்பா வளக்குற செல்லங்க. எங்க காட்டைத் தின்னு முடிச்சாச்சு, இனி நீயே வச்சுக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அப்பா தேசியப் பூங்காவில் காவலர். அங்கே வண்டு பிடித்த மரத்தையும் வெட்டக் கூடாது. காடு தன்பாட்டுக்கு இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. வண்டுக்கு எல்லைக்கல் தெரியுமா? ஞானப்பாவின் காடு எல்லைக்கு இந்தப் பக்கம். இந்தக் கோடையில் அதுவும் சிவந்து செத்துப்போனது. உத்தரவு போட்டது அப்பாவா? இல்லை. ஆனால் சீருடை போட்டிருப்பது அப்பாதானே.

நவம்பர் 7

படியில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டேன்.

அம்மா: "பாஸா டவுனுக்கே போயிடலாங்க. புள்ள நகத்தைக் கடிச்சு ரத்தமாக்கி வச்சிருக்கா."

அப்பா: "ஓநாய் விரட்டுற ராத்திரி வரட்டும். நம்ம வாசல்ல மணி அடிக்காமப் போனாங்கன்னா, நாம இந்த ஊர்க்காரங்க இல்லன்னு அர்த்தம். அப்பப் போயிடலாம்."

அந்த ராத்திரி ஊர் ஆண்கள் மேய்ப்பர்கள் போல இடுப்பில் பெரிய மாட்டுமணி கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் அடிப்பார்கள்; வருஷா வருஷம் அப்பாவும் அந்தக் கூட்டத்தோடு போவார். இந்த வருஷம் யாரும் கூப்பிடவில்லை.

அம்மா காலி அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்துவிட்டாள்.

நவம்பர் 8

போகவும் பிடிக்கவில்லை. இருக்கவும் பயம்.

நவம்பர் 10

இன்றுதான் ஓநாய் விரட்டும் ராத்திரி.

வந்தார்கள். வீடு வீடாக மணிச்சத்தம் நெருங்கி வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீடு வரைக்கும்தான். பிறகு — ஒன்றுமில்லை. மணிநாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு எங்கள் வேலியோரமாக நடந்தார்கள். பூட்ஸ் சத்தம் மட்டும். முன்னால் மேய்ப்பர் கோலோடு ஞானப்பா.

மணி அடித்துக் கூப்பிட்டது போலவே அப்பா கதவைத் திறந்து, வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சாராயக் கோப்பைத் தட்டோடு வெளியே போனார்.

"ஒரு வாய் குடிச்சிட்டுப் போ, கோர்பி."

"உன் வண்டுக்கு ஊத்து, அல்ஃபோன்ஸ்."

கூட்டம் சிரித்தது. அப்பா தட்டை நீட்டியபடியே நின்றார். யாரும் எடுக்கவில்லை.

நான் எப்படி வெளியே போனேன்? தெரியவில்லை. காலில் செருப்புக்கூட இல்லை.

"ஞானப்பா, என் ரொட்டி எங்கே?"

கீச்சென்று வந்தது குரல். சிரிப்பு நின்றுவிட்டது. ஞானப்பா என் காலைப் பார்த்தார்.

"உள்ள போ புள்ள. கால் விறைச்சிடும்."

அவ்வளவுதான். போய்விட்டார்கள். அடுத்த வீட்டு வாசலில் மணி மறுபடி ஆரம்பித்தது.

அம்மா பெட்டியில் கிண்ணங்களை அடுக்குகிற சத்தம் கீழே கேட்கிறது.

நவம்பர் 11

காலையில் வாசற்படியில் துணியில் சுற்றி ஒன்று இருந்தது. பின்னல் ரொட்டி. கல்லாக இறுகியிருந்தது. அப்பா கத்தியை வைத்து அழுத்தினார், இறங்கவில்லை. விறகுக் கோடரியை எடுத்து வந்தார்.

"நேத்து சுட்டதில்லீங்க இது," என்றாள் அம்மா. "திருநாளுக்கே சுட்டிருக்காங்க."

அப்பா உடைந்த துண்டைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு, "பால் சுட வை," என்றார்.

கிண்ணங்கள் பெட்டிக்குள் இருந்தன. அம்மா மூன்றை மட்டும் வெளியே எடுத்தாள். ஊறவைத்துத் தின்றோம்.

அம்மா மூன்றையும் கழுவினாள். துடைத்தாள். அவற்றோடு பெட்டி வரை போனாள். பிறகு அலமாரியைத் திறந்து அதில் வைத்தாள்.