எல்லாருடைய நோயையும் எழுதுங்கள்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். அத்தையின் கால் வலி குறைந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போனில் பேசினால் அத்தை காதில் விழும் என்பதால், லீவில் புதுக்கோட்டைக்கு வரும் என் அறைத்தோழி சுகன்யாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் மழையில் படிக்கட்டில் வழுக்கிக் கணுக்கால் கொஞ்சம் வீங்கியது. இப்போது நன்றாக நடக்கிறேன், பயப்படாதீர்கள். ஆஸ்பத்திரியில், "வேற நோய் ஏதும் இருக்கா?" என்று கேட்டார்கள். பெண் பார்க்க வந்தபோது உங்கள் வீட்டாரிடம் சொன்ன மாதிரியே, "ஒன்றுமில்லை" என்றேன். ஃபேக்டரியில் என்னோடு வேலை செய்யும் தனுஜா அக்கா கூட வந்திருந்தார். அவர் விடவில்லை. "மூச்சு இழுப்பு இருக்குல்ல, சொல்லு லா! எங்கப்பா பிரஷர மறைச்சு இன்சூரன்ஸ் எடுத்தாரு. ஆஸ்பத்திரியில படுத்தப்ப கம்பெனிக்காரன் ஒரு வெள்ளி காசுகூடக் கொடுக்கல" என்றார்.

அதனால் ஏஜென்டான உங்கள் சித்தப்பா எடுத்துத் தரும் குடும்ப பாலிசியில் அத்தையின் சர்க்கரையை மறைக்கவே கூடாது. "எழுதினா பிரீமியம் ஏறும்" என்பார். ஏறட்டும், நான் கட்டுகிறேன். சர்க்கரைக்குப் பணம் கிடைக்க எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரி அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்று கேளுங்கள். சொந்தக்காரர் என்று கூச்சப்படாமல், முழுதும் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். இத்தனை நாள் மறைத்த என் இழுப்பையும் எழுதுங்கள்.

சுகன்யா திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாயும் உங்கள் பழைய போர்வையும் கொடுத்தனுப்புங்கள். போர்வையைத் துவைக்க வேண்டாம்.

அவள் வாசலில் நிற்கிறாள், முடிக்கிறேன். ஒன்று மட்டும். அன்றைக்கு வீடியோவில் உங்களுக்குப் பின்னால் ஜன்னலில் ஒரு மாத்திரை அட்டை தெரிந்தது. அத்தையின் மாத்திரைகள் எனக்குத் தெரியும். அது அவருடையது இல்லை. முதலில் என்னிடம் சொல்லுங்கள். பிறகு அதையும் எழுதுங்கள்.

உங்கள்
கோகிலவாணி