மைக்குக்கு இடப்பக்கம்

போன்ஸே கடற்கரை,
20 ஜூன் 1978, செவ்வாய்.

அன்புள்ள அன்செல்மோவுக்கு,

உன் ஞானமகளைப் பெற்றவன் எரிபெர்த்தோ எழுதுவது. நானும் மிக்தாலியாவும் யாரித்சாவும் சுகம். நியூயார்க்கில் நீயும் உன் தொண்டையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை இதோ அதோ என்று போக்குக் காட்டுகிறது. மாமரம் இந்த வருஷம் கிளை முறியும் அளவுக்குக் காய்த்திருக்கிறது. உன் ஞானமகள் யாரித்சாவுக்கு வரும் மாதம் பதினொரு வயது முடிகிறது.

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஜூலை பதினாறு, கார்மென் மாதா திருவிழா ஞாயிறன்று நம் சதுக்கத்தில் உனக்குக் கச்சேரி, பழையபடி நான் பக்கத்தில் நின்று கோரஸ் பாடவேண்டும் என்று கேட்டிருந்தாய். நான் வரவில்லை, அன்செல்மோ. இந்த ஒரு வரியை எழுத ஐந்து வாரமா என்று கேட்பாய். காரணத்தை எழுதுவதா, விழுங்குவதா என்று தெரியாமல்தான் நாள் ஓடிவிட்டது. எழுதிவிடுகிறேன். பொறாமை. வேறொன்றும் இல்லை.

நான் மின்சார ஆபீசில் மீட்டர் கணக்கெடுக்கிறவன் என்பது உனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நூற்று இருபது வீடு. எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஜன்னல் வழியாக நீ பாடுகிறாய். மீட்டரைப் பார்த்து எண்ணை எழுதுவதற்குள் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். "நீங்க அவரோட பாடினவராமே?" என்று காப்பி கொடுப்பார்கள். அந்தக் காப்பி எனக்கு இறங்குவதே இல்லை.

நாம் ஒன்றாகத்தானே தொடங்கினோம். படகுத்துறை கொட்டகையில் கல்யாணம், ஞானஸ்நானம் எதையும் விடாமல் பாடினோம். நீ சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் பாட்டு எழுதுவாய், நான் உன் இடப்பக்கம் நின்று இரண்டாம் குரல் பாடுவேன். அறுபத்தேழில் நீ நியூயார்க்குக்குக் கிளம்பியபோது மிக்தாலியாவுக்கு நிறைமாதம். ஞானஸ்நானம் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்றேன். நீ நம்பினாய். நானும் நம்பினேன். குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நிற்க நீதான் அங்கிருந்து வந்து போனாய், நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். அங்கே நீ ஹோட்டலில் தட்டு கழுவிக்கொண்டே பாட்டு எழுதினாய், மூன்று வருஷத்தில் முதல் இசைத்தட்டு, இன்றைக்கு ஆறு. சல்சா பாட்டு என்றால் உன் பெயரைச் சொல்கிறார்கள். சொல்லட்டும். அதில்கூட எனக்குப் பாதிப் பொறாமைதான், மீதிப் பாதி பெருமை.

முழுப் பொறாமை இரண்டு விஷயத்தில்.

ஒன்று: பாட்டின் பின்பாதியில் கோரஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, இடையிடையே நீ மனம்போனபடி வரி கட்டி ஊர்க்காரர்களுக்கு வணக்கம் சொல்வாயே, அதில். ஆறு தட்டையும் வரி வரியாகக் கேட்டிருக்கிறேன். முடிதிருத்தும் பிராக்செதெஸுக்கு வணக்கம் உண்டு. மீன் வடை சுடும் ஒலிம்பியாவுக்கு இரண்டு தடவை உண்டு. பிராக்செதெஸின் நொண்டி நாய்க்குக்கூட ஒரு வரி உண்டு, அதுவும் எதுகையோடு! எனக்கு இல்லை. ஒவ்வொரு புதுத் தட்டையும் வாங்கி வந்து கதவைச் சாத்திக்கொண்டு கேட்பேன். முடிந்ததும் மிக்தாலியா எட்டிப்பார்த்து, "நாய்க்குக் கிடைச்சது, உங்களுக்குக் கிடைச்சுதா?" என்பாள். அவளுக்கு விளையாட்டு. எனக்கு அன்று சாப்பாடு இறங்காது.

இரண்டு: அந்த மூக்கன். உன் இரண்டாம் குரல்காரன். தட்டின் அட்டையில் அவன் பெயரைப் போடமாட்டேன் என்கிறீர்கள். நாங்கள் வைத்த பெயர்தான் மூக்கன், மூக்கால் பாடுகிறான் அல்லவா. என்னைப் போலவே பாடுகிறான். எனக்கு மூச்சு பற்றாது, வரியில் கால் தாளம் பிந்தித்தான் நுழைவேன், கடைசி எழுத்தை விழுங்கிவிடுவேன். நம் பழைய பாண்டு மாஸ்டர் அதற்காக என்னைத் திட்டாத நாள் கிடையாது. இவன் அந்தக் குறையைக்கூட விடாமல் திருடியிருக்கிறான். எவனையோ பிடித்து என்னைப் போல் பழக்கி என் இடத்தில் நிறுத்திக்கொண்டாய், இப்போது ஊரார் பார்க்க மட்டும் என்னைக் கூப்பிடுகிறாய். எட்டு வருஷமாக முகம் தெரியாத ஒருவனை நினைத்து வயிறு எரிந்துகொண்டிருக்கிறேன். திருவிழாவுக்கும் அவனையே கூட்டி வா. நான் கூட்டத்தில்கூட நிற்கமாட்டேன், அன்றைக்கு மாமியார் வீட்டுக்குப் போகிறேன்.

24 ஜூன், சனி.

தபால்தலை வாங்க மறந்ததால் கடிதம் மேஜையிலேயே கிடந்தது. மறந்ததற்கு மாதாவுக்கு நன்றி சொல்கிறேன்.

நேற்று உன் பியானோக்காரர் கின்தின் வந்தார். மேடை, ஒலிபெருக்கி எல்லாம் பார்க்க வந்தவர், நீ கொடுத்தனுப்பிய உடுப்பை யாரித்சாவிடம் கொடுக்க வீட்டுக்கும் வந்தார். தோள் கொஞ்சம் இறுக்கம், மற்றபடி அழகாக இருக்கிறது. மிக்தாலியா ஆட்டுக்கறியும் சோறும் போட்டாள். அவர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அந்த மூக்கனும் திருவிழாவுக்கு வருகிறானா என்று கேட்டுவிட்டேன். கின்தின் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எந்த மூக்கன்?" என்றார். சொன்னேன். மனிதர் சிரித்த சிரிப்பில் யாரித்சா பயந்து உள்ளே ஓடினாள்.

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அப்படி ஒருத்தனே கிடையாதுய்யா. அது அன்செல்மோ. முதல் தட்டுக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வந்தோம், ஒருத்தனும் பிடிக்கலேன்னுட்டான். தன் பாட்டைப் பாடி முடிச்சுட்டு, திரும்ப ஸ்டுடியோவுக்குள்ள போயி, மைக்குக்கு இடப்பக்கம் ஒதுங்கி நின்னுக்கிட்டு, மூக்கைச் சுருக்கி இரண்டாம் குரலையும் அவனே பாடுவான். ஏன்டா லேட்டா நுழையறேன்னு கேட்டா, அவன் அப்படித்தான் நுழைவான்னு சொல்லுவான். எவன்னு நாங்களும் கேட்டதில்ல."

மிக்தாலியாதான் கேட்டாள், "அப்படின்னா ஒரு தடவையாவது இவர் பேரைச் சொல்லியிருக்கலாமே?" கின்தின் அவளைப் பார்த்து, "பக்கத்துலயே நிக்கிறவனுக்கு எவன்மா வணக்கம் சொல்லுவான்?" என்றார்.

அவர் போனபின் ஆறு தட்டையும் மறுபடி போட்டுக் கேட்டேன். எப்படி எனக்குத் தெரியாமல் போயிற்று என்று தெரியவில்லை. மூக்குக்குப் பின்னால் நீதான் இருக்கிறாய். மிக்தாலியா இந்தத் தடவை கேலி செய்யவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

மேலே எழுதியதைக் கிழிக்கலாம் என்று நினைத்தேன், கிழிக்கவில்லை. நீயும் படி. எட்டு வருஷம் நான் எரிந்தது உனக்கும் தெரியட்டும். இப்போது மட்டும் தீர்ந்துவிட்டதா என்ன? என் குரலை என்னைவிட நீ நன்றாகப் பாடுகிறாய். அதற்கு வேறு இப்போது பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலையில் மீட்டர் பார்க்கும்போதெல்லாம் பாடிப் பார்த்தேன். இரண்டு வீட்டு நாய்கள் குரைத்தன, ஒலிம்பியா மட்டும் ஒரு மீன் வடை கொடுத்து, "தேறிடுவே" என்றாள். மூச்சு முன்னைவிட மோசம். கால் தாளம் இப்போது அரைத் தாளமாகிவிட்டது. நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கார்மென் மாதா உன் தொண்டைக்கும் கடல்மேல் நீ வரும் விமானத்துக்கும் துணை இருக்கட்டும். மேடைச் சட்டை என்ன நிறம் என்று மட்டும் எழுது, மிக்தாலியா எனக்குத் தைத்துவிடுவாள். மைக்குக்கு இடப்பக்கம் எவனும் வந்து நிற்காமல் பார்த்துக்கொள். பாட்டின் பின்பாதியில் யார் யாருக்கோ வணக்கம் சொல்வாய், சொல். அந்த நாய் செத்துப்போயிற்று, அதற்கும் ஒரு வரி சொல். என் பெயரை மட்டும், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், சொல்லிவிடாதே.

உன்,
எரிபெர்த்தோ