மேல் மாடியில் கதிரை இழுக்கும் சத்தம்

பெப்ரவரி 11, 2025, செவ்வாய்

எட்டாம் வகுப்பின் கட்டுரைகளைத் திருத்தி முடித்தேன். தலைப்பு ‘எனது வீடு’. எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கு முன்னாலும் பூந்தோட்டம். எல்லாத் தோட்டத்திலும் வண்டு ரீங்காரம். இந்தக் கொழும்பு கொட்டாஞ்சேனை மாடி வீடுகளில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவுதான். இதில் எங்கே வண்டு? ரியூஷன் வகுப்பில் அப்படியே பாடமாக்கியது. வாசிக்க வாசிக்க உடம்பு கூசியது. ஒரே பிள்ளை திரும்பத் திரும்ப என் முன்னால் வந்து நிற்பது போல.

பிழை விடப் பயப்படுகிறார்கள். வேறு மாதிரி ஏதாவது செய்ய வேண்டும்.

பெப்ரவரி 13, வியாழன்

“கண்ணை மூடுங்கோ. என்ன கேட்குதோ அதை எழுதுங்கோ. புள்ளி போடவும் மாட்டன், பிழை பிடிக்கவும் மாட்டன்” என்றேன்.

குருவிகள் பாடுகின்றன. தென்றல் வீசுகிறது. எல்லோருக்கும் அதே. வெளியே துறைமுக லொறிகள் ஹோர்ன் அடித்தபடி நின்றதை ஒருத்தியும் எழுதவில்லை. ஷிம்னா மட்டும் ஒரு வரி: மேல் மாடியில் யாரோ கதிரை இழுக்கிறார்கள்.

எங்கள் வகுப்புக்கு மேலே இருப்பது பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் மாடி. அங்கே கதிரை போட்டு உட்கார யார் இருக்கிறார்கள்? கடைசியில் ஒரு கற்பனை! சந்தோஷத்தில் சத்தமாக வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

“எப்ப கேட்டது, ஷிம்னா?”

“இப்பவும் கேக்குது டீச்சர்.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பின்வரிசையில் தாரிகா மெல்லக் கையை உயர்த்தினாள். “எனக்கும் டீச்சர்.” பிறகு இன்னொரு கை. பிறகு எல்லாக் கையும்.

“பின்னை ஏன் ஒருத்தரும் எழுதேல்லை?”

“அது சரியான விடையா எண்டு தெரியேல்ல டீச்சர்” என்றாள் தாரிகா.

பெப்ரவரி 14, வெள்ளி

பள்ளிக்கூட அதிபர் நேசமலர் மிஸ் கூப்பிட்டா. “பேய்க்கதை சொல்லிக் குடுக்கிறீராம், ரூபிகா. தாய் தகப்பன்மார் போன் பண்ணிக் கேக்கினம்.”

“யோசிக்கச் சொன்னனான் மிஸ்.”

“சோதினையில புள்ளி எடுக்க யோசிக்கத் தேவையில்லை.”

வீடு இருக்கும் வெள்ளவத்தை வரை பஸ்ஸில் நின்றபடி வந்தேன். நான் பழக்குவது யோசிக்கவா, பயப்படவா?

பெப்ரவரி 17, திங்கள்

இடைவேளையில் பியோன் செல்லையா அண்ணையிடம் மாடிப் பூட்டின் திறப்பு வாங்கி, அவரையும் கூட்டிக்கொண்டு மேலே போனேன். ஒரு கதிரைகூட இல்லை. தூசியில் ஒரு காலடி இல்லை. நடுவில் நின்றபோது கேட்டது — முதல் தடவையாக எனக்கும் — கதிரை இழுபடும் சத்தம். என் காலுக்குக் கீழே.

“கீழ வகுப்பில ஆர் நிக்கினம், அண்ணை?”

“ஒருத்தரும் இல்லை மிஸ். கதவைச் சாத்திப்போட்டுத்தான் வந்தனான்.”

தரைத் தூசியில், சுவரிலிருந்து சுவர் வரை மெல்லிய கோடு. தூசி அதற்குள் இறங்கிக்கொண்டே இருந்தது.

பெப்ரவரி 18, செவ்வாய்

மாடித் தரையில் வெடிப்பு என்று நேசமலர் மிஸ்ஸிடம் சொன்னேன். எஞ்சினியர் அடுத்த வாரம்தான் வருவாராம். வேறு வகுப்பறை இல்லையாம்.

பெப்ரவரி 19, புதன்

இன்று அந்தக் கோடு எங்கள் சீலிங்கிலும் தெரிந்தது. பிள்ளைகளிடமே கேட்டேன்: “என்ன செய்வம்?” எனக்கே விடை தெரியாத கேள்வி.

“வெளிய போவம் டீச்சர்” என்றாள் ஷிம்னா.

“அதிபர் மிஸ் ஏசுவா” என்றேன்.

“ஏசட்டும் டீச்சர்.”

மைதானத்தில் போய் இருந்தோம். நேசமலர் மிஸ் வந்து நின்றா. “உள்ளுக்குப் போங்கோ.” “மாட்டன் மிஸ்” என்றேன், பிள்ளைகளுக்கு முன்னாலேயே.

“அப்ப நாளைக்கு நீர் வரத் தேவையில்லை.”

சரி, நான் உள்ளே போகவில்லை. ஆனால் அவர்கள்? நாளைக்கு வேறு ஆள் வந்து “உள்ளுக்குப் போங்கோ” என்றால் வரிசையாகப் போய்விடுவார்களே. சொன்னதைச் செய்யிற பிள்ளையள். ஐயோ, என்ர பிள்ளையள்.

பெப்ரவரி 20, வியாழன்

விழுந்துவிட்டது. மாடித் தரை அப்படியே எங்கள் வகுப்புக்குள்.

செல்லையா அண்ணைதான் போன் எடுத்துச் சொன்னார். “ஒருத்திக்கும் கீறல்கூட இல்லை, மிஸ். உள்ளுக்கே போகேல்லை. புது டீச்சர் கத்திப் பாத்தவ. மைதானத்திலயே இருந்திட்டினம்.”

“ஆர் சொல்லி?”

“ஒருத்தரும் சொல்லேல்லை.”



பெப்ரவரி 24, திங்கள்

நேசமலர் மிஸ் என் வீட்டுக்கே வந்து திரும்ப வேலைக்குக் கூப்பிட்டா. போனேன். கடல் உப்பில் கம்பி துருப்பிடித்துக் கொங்கிரீட் பிளந்திருக்கிறதாம். “சத்தம்?” என்று எஞ்சினியரிடம் கேட்டேன். “வெடிக்கிற சத்தம் கேட்கலாம். கதிரை இழுக்கிற மாதிரி எல்லாம் கேட்காது” என்றார்.

மார்ச் 6, வியாழன்

பக்கத்துக் கட்டிடத்தில் நூலக அறையைக் காலி செய்து எங்களைப் போட்டிருக்கிறார்கள். நிர்வாக சபைத் தலைவர் பார்க்க வந்தார். நேசமலர் மிஸ்ஸும் கூட.

“இப்ப எல்லாம் சரிதானே, பிள்ளையள்?”

“ஓம் சேர்.” ஒரே குரல். பாடமாக்கியது போல.

பிறகு தாரிகா எழுந்து நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

“இல்லை சேர். இங்கயும் கேட்குது.”

அவர் சிரித்தார். நேசமலர் மிஸ் சிரிக்கவில்லை. தாரிகாவைப் பார்த்தா, சீலிங்கைப் பார்த்தா. பிறகு வாசல் பக்கம் திரும்பினா.

“செல்லையா, மணியை அடியும். எல்லா வகுப்பும் வெளியில.”