சித்திரையில் வாங்கிய மனை

மாப்பிள்ளை,

இன்று காலை புழுங்கலரிசி மூட்டையைப் பிரித்தேன். அந்தச் சாக்கு வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் எதிரே வந்து நின்றீர்கள்.

என் தங்கச்சியைக் கட்டிய புதிதில், எல்லையில் இருந்த ராணுவ முகாமுக்கு அரிசி அனுப்பும் கான்ட்ராக்ட் எடுத்தீர்களே, அந்த லாரியில் நானும் தொற்றிக்கொண்டு வந்தேன். மலைப்பாதையைப் பார்த்து டிரைவரே கண்ணை மூடிக்கொண்டார். பாதி தூரம் நான்தான் ஓட்டினேன். நம் அரிசிச் சோற்றைத் தின்றுவிட்டு ஒரு கர்னல் எனக்கு சல்யூட் அடித்ததை ஊரில் சொன்னால், நீங்கள் சிரிப்பீர்கள். "மச்சான், அது கேட்ல நின்ன ஆளு. வண்டிய நகத்தச் சொல்லிக் கைய ஆட்டினாரு." எல்லாம் பொறாமை!

முகாம் வந்ததும் வெறும் பாறைச் சரிவு கடைத்தெருவானதை அங்கேதான் பார்த்தீர்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு முகாம் வரப்போவதாகப் பேச்சு கிளம்பியதும், சித்திரை வெயிலில் போய் மனை வாங்கினீர்கள். ஊர்க்காரர்களுக்கும் வாங்கிக் கொடுத்தீர்கள். நான் ஒரு பிடி மண்ணை முகர்ந்து, "மாப்ளே, அரண்மனையே கட்டலாம்" என்றேன். எட்டாம் வகுப்புதான், ஆனாலும் மண் விஷயத்தில் இன்ஜினியருக்கே பாடம் எடுப்பவன் நான்.

முகாம் வரவில்லை. நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்கள் மகளை நர்சிங்கில் சேர்க்க அந்த மனையை விற்கலாமென்று போன வாரம் தங்கச்சி கிளம்பினாள். நானும் தரகரும் கூடப் போனோம்.

என்ன கண்டோம் தெரியுமா, மாப்பிள்ளை? ஆற்றில் தண்ணீர் விட்டிருந்தார்கள். மனைக்கல்லின் தலை மட்டும் தெரிகிறது; நடுவே தண்ணீர் சுழித்து ஓடுகிறது. வயல் வாங்கினால் வடிகால் எங்கே என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காத நாம், மனை என்றதும் அதைக் கேட்கவே இல்லை. வடிகாலையே வாங்கியிருக்கிறோம்!

தரகர் அசரவில்லை. "இதுக்குப் போயி ஏம்மா முழிக்கிறீங்க? சித்திரையில ஆளக் கூட்டியாந்து காட்டுங்க, காஞ்சு கெடக்கும். இங்க எல்லா மனையும் அப்புடித்தான வித்துச்சு."

தங்கச்சி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணாங்க. இன்னொருத்தர் தலையில கட்ட வேணாம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஊர்க்காரங்களுக்கும் வாங்கிக் குடுத்தாரே, இது அவருக்குத் தெரியுமா?"

மகள் படிப்புக்கு என் மேலவயலை ஒத்திக்கு விட ஏற்பாடு செய்துவிட்டேன், அது பெரிதில்லை. அவள் கேட்டதுதான் நெஞ்சில் நிற்கிறது.

"தெரியாதும்மா. அவரும் ஏமாந்துதான் போனாரு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் வாயால் சொன்னதில் இது ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும், மாப்பிள்ளை.